பீரங்கி இழுத்ததா, மரம் இழுத்ததா?

மெட்டடார் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது கல்யாண கோஷ்டியை அடைத்துக்கொண்டு போன டெம்போ வேன்தான். நான் சொல்ல வந்தது அது இல்லை. லண்டனின் சிவப்பு டபுள்டெக்கர் பஸ்களைச் செய்த ஏ.இ.சி. நிறுவனம், மேற்கு லண்டன் சவுத்தால் ஆலையில் இரண்டாம் உலகப்போருக்காகச் செய்த மெட்டடார். நான்கு சக்கரங்களும் இழுக்கும். 95 குதிரைசக்தி டீசல் எஞ்சின், சேசிஸின் நடுவே ஒரு வின்ச். ராணுவத்தின் 5.5 அங்குல பீரங்கிகளை இழுக்கப் பிறந்த வண்டி இது. 9,000-க்கும் மேல் செய்தார்கள்.

போர் முடிந்ததும் உபரி வண்டிகள் விற்பனைக்கு வந்தன. பிரிட்டனின் மர வியாபாரிகள் விடுவார்களா? சேற்றில் சிக்கிய பீரங்கியை இழுக்கிற வண்டி, காட்டில் வெட்டிப்போட்ட ஓக் மரத்தையும் இழுக்குமே! பின்பக்கத்து மரப்பெட்டியைக் கழற்றினார்கள். இரும்புக் கால்களால் ஒரு ஜிப் எழுப்பி, வின்ச் கம்பியை அதன் உச்சி வழியே ஓட்டினார்கள். அடிமரத்தைத் தூக்கி நீளமான டிரெய்லரில் ஏற்ற அதுவே கிரேன் ஆனது.

சரி, பழைய படம் ஒன்றோ, துருப்பிடித்த வண்டி ஒன்றோ கிடைத்தால் எப்படி அடையாளம் காண்பது? நான் பார்க்கிற வரிசை இது.

முதலில் சேசிஸ் எண். 0853 என்று தொடங்கினால் டீசல் மெட்டடார். முன்னால் உள்ள பூஜ்யம் ‘ஆயில்’ எஞ்சினைக் குறிப்பது. பெட்ரோல் வண்டி என்றால் வெறும் 853. விமானப்படைக்கு எரிபொருள் சுமந்த ஆறு சக்கர 0854-க்கும் கிட்டத்தட்ட இதே முகம்தான். அதனால் முன்பக்கப் படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது.

அடுத்து வருஷம். ராணுவத்திடமிருந்து வந்தபிறகுதான் இவற்றுக்குச் சிவில் பதிவெண் கிடைத்தது. பதிவு 1947 என்று இருந்தாலும் வண்டி 1942-இல் பிறந்திருக்கலாம். எஞ்சினையும் நம்ப முடியாது. பலர் பெரிய எஞ்சினாக மாற்றிவிட்டார்கள்.

ஜிப் இருந்தால் மட்டும் மரவண்டி ஆகிவிடாது. பழுதான லாரிகளை இழுத்துவந்த கராஜ்காரர்களும் ஜிப் வைத்தார்கள். பின்னால் மண்ணில் குத்தி நிற்கும் நங்கூரத் தகடு இருக்கிறதா பாருங்க. பெரிய மரத்தை வின்ச் இழுக்கும்போது, மரம் வருவதற்குப் பதில் வண்டி பின்னால் போய்விடுமே, அதைத் தடுக்கத்தான் அது. ஜிப்பும் நங்கூரமும் சேர்ந்திருந்து, கூடவே மரம் ஏற்றும் டிரெய்லரும் இருந்தால் சந்தேகம் பெரிதாகக் குறைந்துவிடும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நோண்டுகிறேன் என்றால், மெட்டடார்கள் இன்னும் இருக்கின்றன, மரம் இழுத்த கோலத்தில் இருப்பவைதான் குறைந்துகொண்டே வருகின்றன. கையில் கிடைத்ததும் பலர் ஜிப்பை அறுத்து, நங்கூரத்தைக் கழற்றி, புதிதாக மரப்பெட்டி கட்டி, ராணுவப் பச்சை அடித்துவிடுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் கணக்கு போட்டுப் பாருங்க: போரில் அதிகம் போனால் ஆறு வருஷம். காட்டிலோ பல வண்டிகள் இருபது, முப்பது வருஷம் உழைத்தன.

இன்னொன்றும் உண்டு. மரக்காரர்கள் வாங்கி ஓட்டியிருக்காவிட்டால் இவற்றில் பல அன்றைக்கே பழைய இரும்புக்குப் போயிருக்கும். வண்டியைக் காப்பாற்றிக் கொடுத்த வாழ்க்கையையே வண்டியிலிருந்து அழிப்பது என்ன நியாயம்? பச்சை அடிக்கத்தான் போகிறீர்கள் என்றால், அறுப்பதற்கு முன் அந்த ஜிப்பை அளந்து, நாலு பக்கமும் படமாவது எடுத்து வையுங்கள்.