டாக்டர் சுப்பாராவும் அவர்தம் ஆய்வுக் கட்டுரைகளும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, மைசூர்க் கோட்டையைப் பற்றியோ காவிரிக்கரைக் கல்வெட்டுகளைப் பற்றியோ யான் எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பார். அவற்றை எழுத அறிஞர் பலர் உளர். புகைவண்டி அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதுபவனும், மெட்ரிகுலேஷனுக்கு மேல் படியாதவனுமாகிய யான் மருந்தியல் அறிஞர் ஒருவரின் வரலாற்றை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. அன்பர்கள் பொறுத்தருள்க.

என் தமக்கையார் என்னோடு இந்நகரிலேயே வாழ்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் கைவிரல் மூட்டுகளில் வீக்கமும் வலியும் கண்டு, காலையில் காப்பிக் குவளையைப் பிடிக்கவும் இயலாத நிலை ஏற்பட்டது. மருத்துவர் இரண்டு மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார். ஒன்று மெத்தோட்ரெக்சேட், வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் உண்ண வேண்டும், மறந்தும் நாள்தோறும் உண்ணலாகாது என்று இருமுறை எச்சரித்தார். மற்றொன்று ஃபோலிக் அமிலம். அதை அந்நாள் ஒழிந்த பிற நாளில் உண்ண வேண்டும். முன்னதன் தீங்கைப் பின்னது தணிக்கும் என்றார்.

ஒன்றையொன்று எதிர்க்கும் இரண்டு மருந்துகளை ஒரே உடம்பிற்குக் கொடுப்பதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. நம் சங்க உறுப்பினரும், இந்நகரத்துக் கல்லூரி ஒன்றில் மருந்தியல் கற்பிப்பவருமான இளைஞர் ஒருவரிடம் கேட்டேன். அவர் நகைத்து, "அண்ணா, அவ்விரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சென்னையில் படித்த ஒருவர் தலைமையில் நடந்த ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை" என்றார். அம்மனிதரே எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அந்த இளைஞர் அன்று என்னிடம் வந்தது வேறு காரியமாக. பதவி உயர்வுக்காக அவர் படிவம் ஒன்று நிரப்ப வேண்டியிருந்தது. எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டீர், அவற்றைப் பிறர் எத்தனை முறை எடுத்தாண்டனர், உமது 'எச்' எண் யாது என்று கேள்விகள். படிவம் நிரப்புவதில் எனக்குள்ள பழக்கத்தை நம்பி வந்தார். அவருடைய எண்கள் சிறியவை, முகம் வாடியிருந்தது. அந்த வாட்டத்தைக் கண்ட பின்பே சுப்பாராவின் எண்கள் எத்தகையவை என்று அறிய விரும்பினேன்.

எடுத்தாளுதல் என்பது யாது? அலுவலகத்தில் பணிபுரிவோர்க்கு இது எளிதில் விளங்கும். நாம் எழுதும் கடிதத்தின் தலைப்பில் 'பார்வை' என்று எழுதி, முன் வந்த கடிதத்தின் எண்ணையும் நாளையும் குறிக்கிறோமல்லவா? அவ்வாறே ஆய்வாளரும் தமக்கு முன்னோர் எழுதிய கட்டுரைகளைத் தம் கட்டுரையின் இறுதியில் குறிப்பர். ஒரு கடிதம் எத்தனைக் கோப்புகளில் பார்வையாகக் குறிக்கப்பட்டது என்று கணக்கெடுத்தால் அக்கடிதத்தின் செல்வாக்குத் தெரியும். இக்கணக்கை அறிவியல் உலகிற்குச் செய்யலாம் என்று 1955ஆம் ஆண்டில் எடுத்துரைத்தவர் அமெரிக்கராகிய யூஜின் கார்ஃபீல்டு. பிலடெல்பியா நகரில் அவர் நிறுவிய அமைப்பு 1960களில் அத்தகைய அட்டவணையை வெளியிடத் தொடங்கியது.

பிற்காலத்தில் கார்ஃபீல்டு, உலகில் மிகுதியாக எடுத்தாளப்பட்ட கட்டுரைகளின் பட்டியல்களை வெளியிட்டபோது, 1925ஆம் ஆண்டின் பழங்கட்டுரை ஒன்றும் அவற்றில் இடம்பெற்றிருந்தது. 'உயிர்வேதியியல் இதழ்' எனப்படும் அமெரிக்க ஏட்டின் 66ஆம் தொகுதியில் 375ஆம் பக்கம் தொடங்குவது அது. எழுதியோர் இருவர்: ஃபிஸ்கே, சுப்பாராவ். இன்றுவரை பதினாயிரத்துக்கும் மேற்பட்ட முறை அது எடுத்தாளப்பட்டுள்ளது.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தவர். தாய்மொழி தெலுங்கு. அவ்வூர் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. இளமையில் தந்தையை இழந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். (யான் முதல் முறையிலேயே தேறினேன். அதனால் விளைந்தது யாதுமில்லை.) பின்னர் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பைச் செவிமடுத்துக் கதராடையில் அறுவை மருத்துவ வகுப்பிற்குச் சென்றார். ஆங்கிலப் பேராசிரியர் பிராட்ஃபீல்டு சினங்கொண்டார். முடிவில் எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, தாழ்ந்ததாகிய எல்.எம்.எஸ். தகுதியே கிடைத்தது.

அவருடைய உடன்பிறந்தார் இருவர் 'ஸ்ப்ரூ' என்னும் கொடிய குடல் நோயால் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து மாண்டனர். அவரையும் அந்நோய் பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதி அவர்களின் மருந்தால் பிழைத்தார். பின்பு சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிறிது காலம் உடற்கூற்றியல் கற்பித்தார். 1922ஆம் ஆண்டு, மாமனாரின் உதவியும் காக்கிநாடா அறநிலையம் ஒன்றின் உதவியும் கொண்டு, இளம் மனைவியை விட்டுவிட்டு அமெரிக்கா சென்றார். அக்டோபர் இறுதியில் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்ப மண்டல மருத்துவம் பயில இடம் கிடைத்தது, உணவிற்கு வழியில்லை. ஆகவே மருத்துவமனை ஒன்றில் இரவு நேரத்தில் நோயாளரின் மலசலக் கலங்களைத் துப்புரவு செய்யும் வேலையை மேற்கொண்டார். மருத்துவம் கற்ற ஒருவர் அவ்வேலையைச் செய்தார் என்பதை நம் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொல்லத் தோன்றுகிறது.

அங்கே சைரஸ் ஃபிஸ்கே என்பாரின் கீழ் அவர் கண்ட முறைதான் 1925ஆம் ஆண்டுக் கட்டுரையின் பொருள். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு உள்ளது என்று அளப்பது அக்காலத்தில் பெரும்பாடு. பாஸ்பேட்டோடு அமிலங் கலந்த மாலிப்டேட்டைச் சேர்த்து, பின்னர்த் தக்கதொரு வினைபொருளை இட்டால் நீல நிறம் தோன்றும். நிறம் அடர்ந்தால் பாஸ்பரஸ் மிகுதி, வெளிறினால் குறைவு. இவ்வளவுதான். ஆயினும் சிறிதளவு இரத்தத்தைக் கொண்டு விரைவில் அளக்க முடிந்தமையால், உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் இதனைக் கைக்கொண்டன. கைக்கொண்டவர் ஒவ்வொருவரும் 'ஃபிஸ்கே, சுப்பாராவ்' என்று எழுத வேண்டியதாயிற்று.

அதே நீல நிறத்தைக் கொண்டு அவ்விருவரும் தசையை ஆராய்ந்தனர். 1927இல் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளையும், 1929இல் அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் பொருளையும் கண்டதை 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். பின்னதை அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பாரும் தனியே கண்டார். லாக்டிக் அமிலமே தசையின் இயக்கத்திற்கு அடிப்படை என்ற கொள்கை அந்நாளில் ஓங்கியிருந்தது. ஹில், மேயர்ஹோஃப் இருவரும் தசையாய்விற்காக 1922ஆம் ஆண்டின் நோபெல் பரிசு பெற்றவர்கள். இப்புதிய கண்டுபிடிப்புகளுக்குப் பின் அக்கொள்கை தளர்ந்தது. நாம் மாடிப்படி ஏறுவதும், இக்கட்டுரையைக் கையால் எழுதுவதும் அடினோசின் டிரைபாஸ்பேட்டால் என்று இன்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஆனால் அவ்வாறு சொல்லும் எவரும் 1929ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பார்வையாகக் குறிப்பதில்லை. அளக்கும் கருவியைத் தந்தவன் பெயரைக் குறிக்கிறார்கள். அளந்து கண்ட உண்மை ஊர்ப்பொதுவாகிவிடுகிறது. எடுத்தாளுதல் கணக்கில் உள்ள இக்குறையை நம் இளைஞரே எனக்கு எடுத்துக் காட்டினார்.

1930இல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். ஆயினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. அவர் பிரித்தெடுத்த சில பொருள்களைப் பற்றிய ஆய்வுகள் ஃபிஸ்கேயின் பொறாமையால் வெளிவராமற்போயின என்றும், பின்னர்ப் பிறர் அவற்றை மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும், அக்காலத்தில் அங்கிருந்தவரும் 1988இல் நோபெல் பரிசு பெற்றவருமான ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் பிற்காலத்தில் கூறியுள்ளார். எழுதாத கட்டுரைக்குப் பார்வை எண் ஏது?

1940இல் நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் முழுநேரப் பணியேற்றார். அடுத்த எட்டு ஆண்டுகளில் நிகழ்ந்தவை வியப்பிற்குரியவை.

பம்பாயில் ஆலைத்தொழில் புரியும் கருவுற்ற பெண்களிடையே கண்ட ஒருவகைச் சோகையை ஈஸ்ட்டின் சத்தால் குணப்படுத்தலாம் என்று லூசி வில்ஸ் அம்மையார் 1931இல் எழுதியிருந்தார். அச்சத்தில் ஒளிந்திருந்த பொருள் ஃபோலிக் அமிலம். சுப்பாராவின் குழுவினர் அதனைச் செயற்கையாகச் செய்து 1945இல் அறிவித்தனர். உடன்பிறந்தார் இருவரையும் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கு அதுவே மருந்தாயிற்று. 1946இல் 'சயன்ஸ்' இதழில் வந்த கட்டுரையில் பதினாறு பேர் பெயர்கள் உள. சுப்பாராவ் பெயர் அவற்றின் நடுவே மறைந்து கிடக்கிறது.

பின்னர் அவ்வமிலத்தைப் போலவே தோன்றி அதன் வேலையைக் கெடுக்கும் பொருள்களை அக்குழுவினர் செய்தனர். அவற்றுள் அமினாப்டெரின் என்பதைப் பாஸ்டன் குழந்தை மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 குழந்தைகளுள் 10 பேருக்குச் சிறிது காலம் நோய் தணிந்ததாக 1948 ஜூன் மாதம் வெளியிட்டார். அதற்கு முன் அந்நோய்க்கு மருந்தென்று ஏதுமில்லை. மருந்தைத் தந்தவர் பெயர் அக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் இல்லை. அமினாப்டெரினின் தம்பியே என் தமக்கையார் உண்ணும் மெத்தோட்ரெக்சேட்.

அவ்வாறே ஆரியோமைசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்து 1948இல் டக்கர் என்பாரின் பெயரால் வெளிவந்தது. அந்த ஆய்வை இயக்கியவர் சுப்பாராவ். யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரசான் பற்றிய 1947ஆம் ஆண்டுக் கட்டுரையில் மட்டும் வரிசையின் கடைசியில் அவர் பெயர் காணப்படும். யான் பிறந்த ஊர் கும்பகோணத்தை அடுத்தது. யானைக்கால் நோய் என்றவுடன் எம்மூர்ப் பெயரைச் சொல்லி நகையாடுவோரை யான் அறிவேன். சுகாதாரப் பணியாளர் வீடு வீடாக வந்து, தம் கண்முன்னே விழுங்கச் சொன்ன மாத்திரை அது. அதை விழுங்கிய எங்கள் தெருவார் ஒருவரும் அப்பெயரைக் கேட்டதில்லை.

1948 ஆகஸ்டு மாதம், ஐம்பத்து மூன்றாம் வயதில், உறக்கத்தில் மாரடைப்பால் அவர் மறைந்தார். இருபத்தாறு ஆண்டுகளில் ஒருமுறையும் ஊர் திரும்பவில்லை. அமெரிக்கக் குடியுரிமையும் பெறவில்லை. நாம் பொங்கலுக்கு இடம் கிடைக்காவிடினும் நின்றுகொண்டே வண்டியில் ஊருக்குப் போகிறோம். 1995இல் நூற்றாண்டையொட்டி இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.

இப்பொழுது அந்தப் படிவத்திற்கு வருவோம். 'எச்' எண் என்பதை 2005இல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலார் வகுத்தார். பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் பத்து முறையேனும் எடுத்தாளப்பட்டிருந்தால் ஒருவரின் எண் பத்து. ஒரே கட்டுரை எழுதி, அது பதினாயிரம் முறை எடுத்தாளப்பட்டிருந்தாலும் எண் ஒன்றுதான். இக்கோலால் அளந்தால் சுப்பாராவின் உயரம் சாலக் குறையும். ஆயினும் எடுத்தாளுதலே வீண் என்று யான் கூறமாட்டேன். 1925ஆம் ஆண்டுக் கட்டுரையில் பெயர் இராவிடில், எல்.எம்.எஸ். படித்த அயலார் ஒருவரை அங்கு எவர் பொருட்படுத்தியிருப்பர்? பதினாயிரம் பார்வைக் குறிப்புகள் அவர் பெயரைக் காத்தன என்பதும் உண்மையே. அவர் செய்தவற்றுள் சிறியதற்காகக் காத்தன என்பதுதான் எனக்குள்ள மனக்குறை.

இளைஞரின் படிவத்தை யானே தெளிவான கையெழுத்தில் நிரப்பிக் கொடுத்தேன். எண்கள் எவையோ அவற்றையே எழுதினோம். முடிவு இன்னும் வரவில்லை.

சென்ற ஞாயிறன்று தமக்கையார் தம் வார மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, இதைக் கண்டுபிடித்தவர் பெயர் ஏதோ சொன்னாயே, யார் அது?" என்று கேட்டார். "சுப்பாராவ், அக்கா" என்றேன். "நம் பக்கத்து ஆளா?" என்றார். பீமவரம் என்றும், படித்தது சென்னையில் என்றும் சொன்னேன். பெயரை ஒருமுறை தமக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, தண்ணீர்க் குவளையை ஒரு கையாலேயே எடுத்தார்.