நியூயார்க்கில் ஒரு கூடூர்க்காரர்

விழா மலருக்கு நிறுவன வரலாறு எழுதித் தாருங்கள் என்று குழுவினர் கேட்டபோது, மீனவர் கூட்டுறவுச் சங்கம், பள்ளிக்கூடம், மாதா கோயில் என்று அக்கம்பக்கத்து நிறுவனங்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது நியூயார்க். அனுப்பம்பட்டு மலரில் ஐக்கிய நாடுகள் சபைக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நம் ரயில் பாதையைக் காட்டிப் பதில் சொல்கிறேன். இங்கிருந்து வடக்கே போகும் மின்சார ரயில்கள் கும்மிடிப்பூண்டியிலோ சூலூர்பேட்டையிலோ நின்றுவிடும். தண்டவாளம் மட்டும் பழவேற்காட்டு ஏரியின் மேற்குக் கரையோரமாகக் கூடூர் வரை போகிறது. அந்தக் கூடூருக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் 1924 ஜூலை 1 அன்று பிறந்தவர் எனுக சீனிவாசுலு ரெட்டி. அன்று அது சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டம். தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சிக்கு எதிராக ஐ.நா. சபைக்குள் ஓர் அலுவலகத்தைக் கட்டி எழுப்பி, அதை இருபதாண்டுகளுக்கு மேல் நடத்தியவர் அவர்தான். ஆப்பிரிக்க விடுதலை வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அவர் சேர்த்து வைத்த தாள்களைப் புரட்டாமல் எழுத முடிவதில்லை.

நம் கரைக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உறவு அவரோடு தொடங்கியதில்லை. 1613-இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. அதைக் கட்டிய டச்சுக் கம்பெனி துணியோடு மனிதர்களையும் கப்பலேற்றியது. கேப் டவுன் பழைய பதிவேடுகளில் ‘வான் கொரமண்டல்’ என்று ஊர்ப்பெயர் ஒட்டப்பட்ட அடிமைகளைக் காணலாம். அவர்களுடைய சொந்தப் பெயர்கள் பெரும்பாலும் தொலைந்துவிட்டன. பிறகு 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘ட்ரூரோ’ கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை இப்படி நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பகுதி சென்னையில் கப்பல் ஏறிய தமிழரும் தெலுங்கரும். அந்தக் கதையை நம்மில் பலர் தில்லையாடி வள்ளியம்மையோடு நிறுத்திவிடுகிறோம். 1914 பிப்ரவரியில் அந்தப் பெண் இறந்த பிறகும் அங்கே எண்பது ஆண்டுப் போராட்டம் பாக்கி இருந்தது.

ரெட்டி சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1946-இல் மேற்படிப்புக்கு அமெரிக்கா போனார். போன நேரம் அப்படி. அந்த ஆண்டு ஜூன் மாதம்தான் தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் நடத்தப்படும் விதத்தை இந்தியா ஐ.நா.வில் புகாராக எழுப்பியிருந்தது. நாடு இன்னும் சுதந்திரம்கூட அடையவில்லை. விஜயலட்சுமி பண்டிட் வாதாடினார். டிசம்பர் 8 அன்று இந்தியாவின் புகார் குறித்த தீர்மானம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நிறைவேறியது. ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸின் தலைவர் டாக்டர் சூமா, டர்பன் தொழிற்சங்கத் தலைவர் எச்.ஏ. நாயுடு ஆகியோரும் அப்போது நியூயார்க் வந்திருந்தார்கள். தென்னாப்பிரிக்கத் துணைத் தூதரகத்தின் முன் கறுப்பின அமைப்புகள் நடத்திய ஆர்ப்பாட்டத்துக்கு இந்திய மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு போனார் ரெட்டி. வயது 22. மூன்றாண்டு கழித்து ஐ.நா. செயலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் 1985-இல் உதவிப் பொதுச்செயலாளராக ஓய்வுபெறும் வரை அங்கேயே இருந்தார்.

இனி நிறுவனத்துக்கு வருகிறேன். 1962 நவம்பர் 6 அன்று பொதுச்சபை 1761 என்ற எண்ணுள்ள தீர்மானத்தை நிறைவேற்றியது. தென்னாப்பிரிக்காவோடு தூதரக உறவை முறியுங்கள், அதன் சரக்கை வாங்காதீர்கள், அதன் கப்பல்களைத் துறைமுகத்தில் விடாதீர்கள் என்று உறுப்பு நாடுகளைக் கேட்ட தீர்மானம் அது. ஆதரவு 67, எதிர்ப்பு 16, நடுநிலை 23. எதிர்த்த பதினாறில் தென்னாப்பிரிக்காவோடு வணிகம் செய்துவந்த மேற்கு நாடுகள் இருந்தன. அதே தீர்மானம்தான் நிறவெறி ஆட்சியின் நடவடிக்கைகளைக் கண்காணிக்க ஒரு சிறப்புக் குழுவையும் அமைக்கச் சொன்னது. மேற்கு நாடு ஒன்றுகூட அதில் சேர முன்வரவில்லை. கடைசியில் அல்ஜீரியா, கோஸ்டாரிக்கா, கானா, கினி, ஹைட்டி, ஹங்கேரி, மலாயா, நேபாளம், நைஜீரியா, பிலிப்பைன்ஸ், சோமாலியா என்று பதினொரு நாடுகள் சேர்ந்தன. 1946-இல் வழக்கைத் தொடங்கிய இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரிய நாடு ஒன்றுமில்லாத குழு எதற்கு உதவும் என்று அன்று பலர் எண்ணினார்கள். என் கணிப்பு நேர்மாறானது. உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் நீர்க்கச் செய்ய ஆள் இல்லாததால்தான் இந்தக் குழு வேலை செய்தது. குழு முதன்முதலாகக் கூடியது 1963 ஏப்ரல் 2 அன்று. கினியின் தூதர் தியாலோ தெல்லி தலைவர், ரெட்டி செயலாளர். ஜூலையில் பாடகி மிரியம் மக்கேபாவை அழைத்துச் சாட்சியம் கேட்டார்கள். அக்டோபர் 8 அன்று ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸின் ஆலிவர் தாம்போ ஐ.நா.வின் சிறப்பு அரசியல் குழுவின் முன் பேசினார். மறுநாள் பிரிட்டோரியாவில் மண்டேலா முதலானோர் மீது ரிவோனியா வழக்கு தொடங்கியது. அக்டோபர் 11 அன்று, அந்த வழக்கைக் கைவிட்டு அரசியல் கைதிகளை விடுதலை செய்யச் சொல்லும் தீர்மானத்துக்குப் பொதுச்சபையில் 106 வாக்கு விழுந்தது. எதிர் வாக்கு ஒன்றே ஒன்று, அது தென்னாப்பிரிக்காவுடையது. ஓராண்டுக்கு முன் எதிர்த்த மேற்கு நாடுகள்கூட இந்த முறை எதிர்த்துக் கை தூக்கவில்லை. அடுத்த ஜூனில் மண்டேலாவுக்குத் தூக்கு விதிக்கப்படாமல் ஆயுள் தண்டனையோடு போனதற்குக் காரணங்கள் பல. உலகம் பார்த்துக்கொண்டிருந்தது அவற்றில் ஒன்று.

தீர்மானம் மட்டும் போட்டால் யாரும் அசையமாட்டார்கள் என்பது ரெட்டிக்குத் தெரிந்திருந்தது. வழக்குச் செலவுக்கும், சிறைப்பட்டவர் குடும்பங்களின் சோற்றுக்கும் பணம் வேண்டும். அதற்காக 1965-இல் ஐ.நா. அறக்கட்டளை நிதி பிறந்தது. ராணுவத் தளவாடங்களுக்கான தடை பாதுகாப்பு சபையில் முதலில் வேண்டுகோளாக மட்டுமே 1963-இல் வந்தது. சோவெட்டோ மாணவர்கள் சுடப்பட்டு, ஸ்டீவ் பீகோ காவலில் கொல்லப்பட்ட பிறகு, 1977 நவம்பரில்தான் அது கட்டாயத் தடையாயிற்று. விளையாட்டுப் புறக்கணிப்பில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. 1974-இல் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் இருந்த இந்திய அணி டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றது. எதிரணி தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது, கோப்பை ஆடாமலே எதிராளிக்குப் போனது. அதற்கு முன் இந்தியா அந்தக் கோப்பையை வென்றதில்லை, இன்று வரையும் வென்றதில்லை. ஆட்டக்காரர்களுக்கு அது லேசான இழப்பாக இருந்திருக்க முடியாது.

செயலகத்தில் ஒரு சிறு பிரிவாக 1960-களில் வளர்ந்த இந்த அலுவலகம், 1976-இல் நிறவெறி எதிர்ப்பு மையமாக உயர்ந்தது. ரெட்டி அதன் இயக்குநர். மையம் வெளியிட்ட ஆவண வரிசையில் சிறைக் கொடுமைச் சாட்சியங்கள், வங்கிக் கடன் கணக்குகள், எண்ணெய்க் கப்பல்களின் போக்குவரத்து, பெண்கள் இயக்கத்தின் வரலாறு எல்லாம் வந்தன. தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் துண்டறிக்கை வீட்டில் இருந்தால் சிறை என்ற நாட்டில் காகிதம் தப்பிப் பிழைப்பது அரிது. அது நியூயார்க்கில் எண்ணிட்டுப் பத்திரமாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகு ரெட்டி இந்த வேலையை வீட்டுக்கு மாற்றிக்கொண்டார். தாம் சேர்த்தவற்றை யேல் பல்கலைக்கழகத்துக்கும், டெல்லி நேரு நினைவு நூலகத்துக்கும், தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கும் பகிர்ந்து கொடுத்தார். காந்தியின் தென்னாப்பிரிக்க ஆண்டுகளை எழுதிய ராமச்சந்திர குஹா அந்த நூலை இவருக்கே காணிக்கையாக்கினார். தாள்களைத் தனக்கென்று பூட்டி வைத்துக்கொள்ளும் ஆராய்ச்சியாளர் பலரைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த மனிதரின் அருமை புரியும்.

இவ்வளவும் மலருக்கு ஏற்ற செய்தி. இதோடு நிறுத்தினால் பாதி வரலாறுதான் எழுதினதாகும்.

குழுவின் முதல் தலைவர் தியாலோ தெல்லி பிறகு ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச்செயலாளராகி, எட்டாண்டு அந்தப் பதவியில் இருந்தார். 1972-இல் நாடு திரும்பி நீதி அமைச்சரானார். கினியின் அதிபர் செக்கூ தூரே சாதாரண ஆளல்ல. 1958-இல் டி கோல் நீட்டிய பிரெஞ்சுக் கூட்டமைப்பு வேண்டாம் என்று துணிந்து சொன்ன ஒரே பிரெஞ்சு ஆப்பிரிக்கக் காலனியின் தலைவர் அவர். கண்டமே கொண்டாடிய வீரர். அந்த வீரருக்கு நாளாக ஆக எங்கு பார்த்தாலும் சதி தெரிந்தது. 1976 ஜூலையில் தெல்லியைக் கைது செய்தார். கொனாக்ரியின் போய்ரோ முகாமில் சோறும் தண்ணீரும் கொடுக்காமல் வைத்து, 1977 தொடக்கத்தில் தெல்லியைச் சாகவிட்டார்கள். பிரிட்டோரியாவின் கைதிகளுக்காக உலகைத் திரட்டிய மனிதர் இறந்தது தன் சொந்த நாட்டின் சிறையில். குழுவின் பிற்காலத் தலைவர்களில் ஒருவரான நைஜீரியாவின் ஜோசப் கார்பாவையும் நினைக்க வேண்டும். 1975-இல் வானொலியில் ராணுவப் புரட்சியை அறிவித்த குரல் அவருடையது. நிறவெறிக்கு எதிராக அவர் உழைத்ததில் ஐயமில்லை. தன் நாட்டில் வாக்குப்பெட்டி இல்லாத ஆட்சியின் தூதராக உட்கார்ந்துதான் அதைச் செய்தார்.

விடுதலை தந்தவர்களே ஏன் இப்படியானார்கள் என்பதை ஆராய்ந்தவர்களில் மஹ்மூத் மம்தானியை நமக்கு நெருக்கமானவராகக் கருதலாம். மும்பையில் பிறந்து உகாண்டாவில் வளர்ந்தவர், 1972-இல் இடி அமீன் விரட்டிய ஆசியர்களில் ஒருவர். விரட்டப்பட்டவர் வசைபாடவில்லை, காரணம் தேடினார். வெள்ளையர் ஆட்சி நகரத்தில் சட்டத்தையும் கிராமத்தில் குலத்தலைவர் வழியாக ‘வழக்கத்தையும்’ வைத்து ஆண்டது. சுதந்திர அரசுகள் நகரத்து நாற்காலியிலிருந்து வெள்ளையனை இறக்கின, கிராமத்தின் மேல் இருந்த பிடியை மட்டும் தளர்த்தவில்லை என்பது 1996-இல் வந்த அவருடைய நூலின் வாதம். பழவேற்காட்டுக் கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏரியில் யார் எங்கே எப்போது வலை போடலாம் என்று பாடு முறைப்படி ஊர் தீர்மானிப்பதை நாம் அறிவோம். அதில் நியாயமும் உண்டு, பாடு இல்லாதவர் வெளியே நிற்கும் வேதனையும் உண்டு. அந்த ஊர் வழக்கத்தை ஓர் அரசு தன் கையில் எடுத்து, தனக்கு வேண்டிய ஆளைத் தலைவராக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதுதான் மம்தானி கேட்ட கேள்வி.

நம் வாசகர்கள் இந்தக் கேள்வியை இலக்கியம் வழியாக முன்பே சந்தித்திருக்கிறார்கள். இந்திரனின் ‘அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்’ 1982-இலேயே வந்துவிட்டது. கூகி வா தியாங்கோவின் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ அமரந்தா, சிங்கராயர் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. கென்யாட்டா ஆண்ட கென்யாவில் விசாரணையில்லாமல் சிறை வைக்கப்பட்ட கூகி, கழிப்பறைத் தாளில் எழுதிய நாவல் அது. கென்யாட்டாவே முன்பு வெள்ளையரின் சிறையில் பல ஆண்டு இருந்தவர்.

தென்னாப்பிரிக்காவிலும் தமிழ்ப் பெயர் ஒன்று இதே இடத்தில் நிற்கிறது. ஜோகன்னஸ்பர்க்கில் 1923-இல் பிறந்த பொருளியலாளர் வெள்ள பிள்ளை, 1959-இல் லண்டனில் தொடங்கிய புறக்கணிப்பு இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். மண்டேலா விடுதலையான பின், புதிய நாட்டுக்கான பொருளாதாரத் திட்டம் வகுக்க அமைந்த ஆய்வுக் குழுவுக்கு அவர்தான் தலைமை தாங்கினார். வீடு, பள்ளி, மின்சாரம் ஆகியவற்றில் அரசு முதலீடு செய்து வளர்ச்சியைத் தொடங்க வேண்டும் என்ற அறிக்கை 1993-இல் தயாரானது. ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸின் தலைமை அதை ஓரங்கட்டியது. 1996-இல் வந்த அரசுக் கொள்கை செலவைக் குறைப்பதையும் சந்தையையும் நம்பியது. அவர் அறிக்கை நடைமுறைக்கு வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால், முப்பது ஆண்டுக்கும் மேல் உடன் நின்றவரின் திட்டத்தைப் பொதுவில் விவாதிக்காமலே ஒதுக்கியது, பின்னாளில் அந்தக் கட்சிக்கு வந்த நோயின் முதல் அறிகுறி என்பேன்.

ரெட்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே 96 வயது வரை வாழ்ந்து, 2020 நவம்பர் 1 அன்று அமெரிக்காவில் காலமானார். இந்தியா 2000-இல் பத்மஸ்ரீயும், தென்னாப்பிரிக்கா 2013-இல் ஆலிவர் தாம்போ பெயரிலான உயரிய விருதும் தந்தன. அவர் உழைத்த குழுவோ 1994-இல், புதிய தென்னாப்பிரிக்கா பொதுச்சபையில் தன் இடத்தை மீண்டும் எடுத்துக்கொண்டபோது, வேலை முடிந்தது என்று கலைக்கப்பட்டது. வேலை முடிந்ததும் கலைந்த குழுக்கள் உலகில் அதிகம் இல்லை.

கடைசிக் காலத்தில் அவர் விரும்பி எழுதியவற்றில் தம்பி நாயுடு குடும்பத்தின் வரலாறும் ஒன்று. மொரீஷியஸில் பிறந்து ஜோகன்னஸ்பர்க்கில் காந்தியோடு பலமுறை சிறை சென்ற தமிழர் தம்பி நாயுடு. அவருடைய பேரன் இந்திரஸ் ராபன் தீவுச் சிறையில் பத்தாண்டு இருந்தார். பேத்தி சாந்தி, வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்து 1969 முதல் ஓராண்டுக்கும் மேல் தனிச்சிறையில் கிடந்தார். கல்பனா ஹிராலாலோடு சேர்ந்து ரெட்டி எழுதி 2017-இல் வந்த சத்தியாக்கிரகிகள் பற்றிய நூலில் இத்தகைய தமிழ்க் குடும்பங்கள் வரிசையாக வருகின்றன. ஆங்கிலத்தில் உள்ள அந்த நூலை நம் படிப்பகம் இந்த ஆண்டு வாங்க வேண்டும். மொழிபெயர்க்கத் தெரிந்த இளைஞர்கள் பொன்னேரிக் கல்லூரியில் இருக்கிறார்கள், அதிகாரம் அதிகாரமாகப் பிரித்துக் கொடுக்கலாம். அதே அலமாரியில் தெல்லியின் கதைக்கும் ஓர் இடம் வைக்கும்படி குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.