வலி அறியாப் பாதங்கள்: நீரிழிவு, நரம்புநோய்ப் பராமரிப்பின் சரித்திரம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஆண்டிமடம் வட்டாரத்தில் பங்குனி பிறந்து முந்திரிக் காடுகளில் கொட்டை பொறுக்கும் வேலை மும்முரமாகிவிட்டால், செம்மண் தரை வெயிலில் கொதித்துக் கிடக்க, விடியற்காலை தொடங்கி உச்சிப்பொழுது வரையில் வெறுங்காலோடு மரத்துக்கு மரம் குனிந்து நடக்கிற ஆண்களிலும் பெண்களிலும், இரவில் சுகர் மாத்திரை விழுங்கிவிட்டுப் படுக்கிறவர்களும் இன்று இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் சுகாதார நிலையத்துக்கு வந்து, "ரோட்டுல வரும்போது செருப்பு கழண்டு விழுந்ததுகூடத் தெரியலீங்க சிஸ்டர்" என்று சொல்வாரானால், அந்த ஒரு வார்த்தைக்குள் பல வருஷத்து வியாதி அடங்கியிருப்பதை அநுபவமுள்ள செவிலியர் உடனே கண்டுகொள்வார். இரத்தத்தில் மிகுந்து நின்ற சர்க்கரை, நெடுங்காலமாக நரம்புகளைச் சிதைத்து, பாதத்தின் உணர்ச்சியைப் போக்கிவிட்டது. இனி அந்தப் பாதத்தில் முள் தைத்தாலும், கொதிக்கும் தார் சுட்டாலும், கால் ஆணியைப் பிளேடால் செதுக்கும்போது சதை அறுந்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை.

இத்தகைய நோயாளிக்குச் செய்யவேண்டிய பணிவிடை எங்கே பிறந்தது, யார் கையில் வளர்ந்தது என்பதே இக்கட்டுரையின் விசாரணை. நீரிழிவு நோயைப் பற்றிய சாஸ்திரம் முழுவதும் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட மேல்நாட்டு ஆய்வுக்கூடங்களிலிருந்தும், பின்னர் எழுந்த பெருநகர மருத்துவமனைகளிலிருந்தும் வந்தது என்று கருதுவதே பொது வழக்கம். மருந்தைப் பற்றிய மட்டில் அது சரி. ஆனால் உணர்ச்சியற்ற பாதத்தைக் காக்கும் கலை அவ்வாறு வந்ததன்று. அது தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சமூகம் ஒதுக்கி வைத்த தொழுநோயாளிகளின் விடுதிகளில் உருவாகி, கடல் கடந்து சென்று, நீரிழிவுச் சிகிச்சை என்ற புதுப் பெயரோடு நம்மிடமே திரும்பி வந்தது என்பது என் முடிபு.

பிணியாளருக்குப் பணிவிடை செய்யத் தனி ஆட்களை நியமிக்கும் வழக்கம் இந்நாட்டுக்குப் புதிதன்று. ஆண்டிமடத்துக்குத் தெற்கே ஜெயங்கொண்டத்தை அடுத்துள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட வீரராஜேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, பதினைந்து படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலையை வர்ணிக்கையில், வைத்தியர் ஒருவரையும் சல்லியக் கிரியை செய்பவர் ஒருவரையும் சொல்லுவதோடு நில்லாமல், மூலிகை கொணர்வோரையும், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துக் கவனிக்கும் பெண்கள் இருவரையும் அவர்களுக்குரிய ஊதியத்தோடு குறிக்கிறது. பதினொன்றாம் நூற்றாண்டில் பணிவிடைக்குச் சம்பளம் நிர்ணயித்த செய்தி பெருமைக்குரியதே. எனினும் அந்தச் சாலை கோயிலையும் வேதபாடசாலையையும் சார்ந்தவர்களுக்காக நடந்தது. நாள்பட்ட நோயோடு வீட்டில் கிடப்பவரை நாடிச் செல்லும் ஏற்பாடு எதையும் அதில் காண இயலவில்லை.

நவீன செவிலியக் கல்வியின் வரலாற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. சென்னைப் பொது மருத்துவமனையில் 1871-ஆம் ஆண்டு தொடங்கிய பயிற்சியும், வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் தோற்றுவித்த செவிலியர் பள்ளியும், செவிலியரையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்ய வகை செய்த 1926-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டமும், 1946-இல் வேலூரில் ஆரம்பமான பட்டப்படிப்பும் அதன் மைல்கற்கள். இதற்கிடையில் 1922-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் டொராண்டோ நகரில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது முதல், நீரிழிவு நோயாளியின் ஆயுள் நீண்டது. சென்னையில் டாக்டர் எம். விசுவநாதன் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கி, 1954-இல் ராயபுரத்தில் அந்நோய்க்கென்றே ஒரு மருத்துவமனையையும் நிறுவினார்.

அக்காலத்து வார்டுகளில் செவிலியரின் வேலை பெரும்பாலும் கண்ணாடிக் குழாயைச் சுற்றியே நடந்தது. ஐந்து மில்லி பெனடிக்ட் திரவத்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீரை விட்டுக் காய்ச்சினால், சர்க்கரை இல்லையெனில் நீலம் நீலமாகவே நிற்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறி, மிகுதியானால் செங்கல் நிறத்தில் படியும். அந்த நிறத்தை நோயாளியின் அட்டையில் எழுதி, அதற்கேற்ற அளவு இன்சுலினை, கொதிநீரில் வேகவைத்த கண்ணாடி ஊசிக்குழலில் ஏற்றிப் போடுவார்கள். அவ்வளவு சிரத்தையோடு சிறுநீரைப் பார்த்தவர்கள் பாதத்தைப் பார்க்கப் பழகவில்லை. நோயாளி புண்ணோடு வந்தபோது அது சர்க்கரையால் ஆறாத புண் என்று கொள்ளப்பட்டது. புரையோடியபின் விரலோ காலோ எடுக்கப்பட்டது. அதற்கு அப்பால் ஒரு கேள்வி எழவில்லை.

அந்தக் கேள்வியை எழுப்பியது வேறொரு நோய். தொழுநோயாளியின் உள்ளங்காலில் குழிந்து நிற்கும் புண், கிருமி சதையைத் தின்பதால் உண்டாவது என்றே வைத்தியர்களும் ஜனங்களும் நெடுநாள் நம்பினர். ஆனால் 1930-களில், இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் மில்ராய் பாலும், இந்தியாவில் ஜோசப் கானும், அத்தகைய பாதத்தை முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டில் பொதிந்து நோயாளியை நடக்கவிட்டு, மருந்தின்றியே புண் ஆறுவதைக் கண்டார்கள். கிருமி அப்படியே இருக்கப் புண் மட்டும் ஆறுகிறதென்றால், புண்ணுக்குக் காரணம் கிருமியன்று. ஒரே இடத்தில் ஓயாமல் விழும் பாரமே என்பது தெளிவு. எனினும் அந்த முடிவை வற்புறுத்தி நிலைநாட்ட இன்னொருவர் தேவைப்பட்டார்.

அவர் கொல்லிமலையில் 1914-இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்து சேர்ந்த அவரை, தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன் செங்கற்பட்டு விடுதிக்கு அழைத்துச் சென்று காட்டிய பிறகு, வளைந்த விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் சிகிச்சையில் அவர் இறங்கினார். கைகள் நேராயின, அக்கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் எழுந்தது, நோயாளிகள் அங்கே தங்கித் தச்சுவேலை முதலியன பழகினார்கள். ஆனால் விரல்கள் குறைவது மட்டும் நிற்கவில்லை. முதல்நாள் இருந்த விரல் நுனி மறுநாள் காலையில் இராது. இராக்காவல் இருந்து பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று: உறங்குகிறவரின் மரத்துப்போன விரலை எலி கடித்துத் தின்றுகொண்டிருந்தது, அவர் விழிக்கவில்லை. அதன்பின், வீடு திரும்பும் நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு பூனை கொடுத்தனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. வைத்திய சாஸ்திரத்தில் பூனைக்கு ஓர் இடம் உண்டென்றால், அது இதுதான்.

வேடிக்கைபோலத் தோன்றும் இந்நிகழ்ச்சியிலிருந்து பிறந்த ஒழுங்குமுறையே நம் விஷயத்துக்கு முக்கியமானது. வலி என்பது உடலின் காவலாளி. அந்தக் காவல் போனபின் அதன் வேலையைக் கண்ணும் கையும் ஏற்கவேண்டும். ஆகவே மாலைதோறும் கைகளையும் கால்களையும் கழுவி, நீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, விரலிடுக்கு உட்பட ஒவ்வோரிடமாகப் பார்ப்பது விதியாயிற்று. சிவப்போ கொப்புளமோ கண்டால் அன்று பகல் என்ன வேலை செய்தார், எந்தக் கருவியைப் பிடித்தார், எவ்வளவு தூரம் நடந்தார் என்று விசாரித்து, காயம் வந்த வழியைக் கண்டறிந்து, மறுநாள் அந்த வழியை அடைத்தார்கள். புறங்கையால் பாதத்தைத் தடவிப் பார்த்தால், புண் தோன்றுவதற்கு முன்பே, நசுங்கிய இடம் மற்ற இடத்தைவிடச் சூடாயிருப்பது தெரியும் என்பதையும் அநுபவத்தில் கண்டார்கள். 1955-இல் வேலூரை அடுத்த கரிகிரியில் ஸ்தாபிக்கப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் இவ்வறிவைப் பாடமாக்கியது. கால் கொஞ்சம் அமிழ்ந்து பாரம் பரவும்படியான மைக்ரோசெல்லுலர் ரப்பரில் செருப்புகள் செய்யப்பட்டன, எம்.சி.ஆர். செருப்பு என்று தமிழ்நாட்டுத் தொழுநோயாளிகளிடையே வழங்கும் பெயர் அதிலிருந்தே வந்தது. புண் ஆற்றும் மாவுக்கட்டும், ஆறிய புண் மீளாதபடி காக்கும் இச்செருப்பும் ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது என்பதை அவிழ்த்த கட்டுக்குப்பின் திரும்பத் திரும்ப வந்த புண்களே கற்பித்தன.

பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாகாணத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே அவர் கண்ட விசேஷம் யாதெனில், நீரிழிவால் உணர்ச்சி இழந்த அமெரிக்கரின் பாதப் புண்ணும், வேலூரில் தாம் கண்ட தொழுநோயாளியின் பாதப் புண்ணும் இடத்தாலும் உருவத்தாலும் வரலாற்றாலும் ஒன்றே என்பது. நோய் வேறு, நரம்பு செத்த பாதம் ஒன்றே. ஆகவே மாவுக்கட்டும் செருப்பும் தினசரிப் பரிசோதனையும் அப்படியே நீரிழிவு நோயாளிகளுக்கு மாற்றப்பட்டன. அதே கார்வில் நிலையத்தார் 1980-களில், தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் வளையும்வரை அழுத்தினால் பத்துக் கிராம் பாரம் விழும் என்றும், கண்ணை மூடிய நோயாளி அதை உணராவிடில் அந்தப் பாதத்துக்குக் காப்புணர்ச்சி போயிற்று என்றும் நிறுவினர். இன்று உலகெங்கும் நீரிழிவுச் செவிலியரின் பையில் இருக்கும் கருவி அதுவே. ராயபுரத்து நீரிழிவு மருத்துவமனை எம்.சி.ஆர். செருப்பை நீரிழிவு நோயாளிகளிடம் சோதித்து 2004-இல் முடிவுகளை வெளியிட்டபோது, கரிகிரியில் தொடங்கிய பாதை ஒரு சுற்றுச் சுற்றித் தமிழ்நாட்டுக்கே வந்துவிட்டது.

இந்தச் சுற்றில் ஒரு கசப்பும் கலந்திருக்கிறது. எம்.சி.ஆர். செருப்பைக் கண்டாலே தொழுநோய்ச் செருப்பு என்று ஊரார் அடையாளம் கண்டுகொள்வதால், சர்க்கரை நோயாளிகள் அதைப் போடக் கூசுகிறார்கள். மேல்தோலையும் வாரையும் மாற்றி, கடைச்செருப்பின் சாயலில் தைத்துக் கொடுத்தால் போட்டுக்கொள்கிறார்கள். புண்ணை வெல்லுவதைக் காட்டிலும் வெட்கத்தை வெல்லுவது கடினம் என்பதைச் செருப்புத் தைப்பவர்கள் வைத்தியர்களுக்கு முன்பே அறிந்திருந்தனர்.

பாதத்து நரம்பைவிட்டு மூளைக்கு வருவோம். வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949-இலும், சென்னையில் பி. ராமமூர்த்தி 1950-இலும் நரம்பியல் சிகிச்சைக்கு அடிகோலினர். 1954-இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து, பின்னர் வேலூரில் புனர்வாழ்வு மருத்துவத்தையும் தொடங்கினார். உணர்ச்சியற்ற உடலைக் காக்கும் வித்தையை மருத்துவராகவும் நோயாளியாகவும் இரு பக்கமும் அறிந்தவர் அவர். பக்கவாதத்தில் படுத்தவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பதும், குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை கொடுப்பதும், முதல் கவளத்துக்கு முன் அவரை நிமிர்த்தி உட்கார வைத்து ஒரு கரண்டித் தண்ணீர் கொடுத்துப் புரையேறுகிறதா என்று பார்ப்பதும் இப்பிரிவுகள் பரப்பிய பழக்கங்கள்.

நீரிழிவும் நரம்புநோயும் ஒருவரிடமே கூடும்போது செவிலியரின் விவேகத்துக்குச் சோதனை வருகிறது. இன்சுலின் போடும் பெரியவர் ஒருவருக்குத் திடீரென வாய் குழறி, ஒரு கை விளங்காமல் போனால், வாதம் அடித்துவிட்டது என்று வீட்டார் பதறுவர். பக்கவாதமாகவும் இருக்கலாம், அப்படியானால் இரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரமே அவகாசம். ஆனால் சர்க்கரை தாழ்ந்தாலும் இதே குறிகள் தோன்றும். இதற்கு வழிகோலும் பிசகு மிகச் சாதாரணமானது: மில்லிக்கு 100 அலகு கொண்ட இன்சுலினை, 40 அலகு மருந்துக்கென உள்ள சிவப்பு மூடி ஊசியில் ஏற்றிவிட்டால், போகும் மருந்து இரண்டரை மடங்காகிவிடும். ஆதலால் வாதம் என்று சொல்லிக் கொணரப்படும் எவருக்கும் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கவேண்டும்; வீட்டிலிருந்து மருந்துக் குப்பியையும் ஊசியையும் சேர்த்தே கொண்டுவரச் சொல்லவேண்டும்.

உடையார்பாளையம் தாலுகாவின் பகுதியாகத் திருச்சி ஜில்லாவில் இருந்து, 1995-இல் பெரம்பலூருக்கும் 2007-இல் அரியலூருக்கும் மாறிய ஆண்டிமடம், ஜில்லா மாறினாலும் பெரிய சிகிச்சைக்குத் திருச்சியையும் தஞ்சாவூரையும் நோக்கியே நெடுங்காலம் இருந்தது. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. கிராமத்து நிலை மாறத் தொடங்கியது, 2012 முதல் மாநிலமெங்கும் பரவிய தொற்றா நோய்த் திட்டத்தில் தனிச் செவிலியர் நியமனம் பெற்ற பிறகும், 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் தொடங்கிய பிறகுமே. அத்திட்டத்தில் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த பெண் தன்னார்வலர் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டில் கொடுக்கிறார். ஒன்றியத்துக்கென அமைந்த செவிலியரும் இயன்முறை மருத்துவரும் படுத்த படுக்கையாயிருப்பவரை வீடு தேடிப் போகிறார்கள். திருமுக்கூடல் சாலையில் இல்லாதது இந்த நடைதான்.

ஆயினும் மாத்திரை கொடுக்க வருகிறவர் பாதத்தையும் பார்க்கிறாரா என்பதே எஞ்சி நிற்கும் வினா. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் நீரிழிவு உடையோரைப் பத்துக் கோடிக்கு மேல் கணித்தது. நீரிழிவு இவ்வாறு பெருகிவந்த காலத்திலேயே தொழுநோய்த் துறையோ சுருங்கிக்கொண்டு வந்தது. 2005-ஆம் ஆண்டின் இறுதியில் இந்நோய் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் கீழ் வந்துவிட்டதாக அரசு அறிவித்தது. அதற்கு முன்பே தமிழ்நாட்டில் தனித் தொழுநோய்ப் பிரிவு பொதுச் சுகாதாரத்தோடு இணைக்கப்பட்டு, புறங்கையால் சூடு பார்க்கவும், தடித்த தோலைச் சீவவும், மாவுக்கட்டுப் போடவும் தேர்ந்திருந்த ஊழியர்கள் பல வேலைகளுக்குச் சிதறினர். அவர்களை அன்றே நீரிழிவுப் பிரிவுகளுக்கு ஆசிரியர்களாக வைத்துக்கொள்ளாதது பெரும் பிழை என்றே நான் கருதுகிறேன்.

கரிகிரியில் மட்டுமல்லாமல், கொள்ளிடத்துக்குத் தெற்கே கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டைத் தொழுநோய் மருத்துவமனை போன்ற இடங்களிலும் அந்த வித்தை அறிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. அவர்களில் பலர் ஓய்வை நெருங்கியவர்கள். அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் தொற்றா நோய்ச் செவிலியரையும், ஆண்டிமடம் ஒன்றியத்தில் வீடு வீடாகச் செல்லும் செவிலியரையும் தவணை முறையில் அங்கே அனுப்பி, கட்டுப்போடும் அறையில் நின்று பார்க்கச் செய்யும் ஏற்பாட்டைச் சுகாதாரத் துறை அவர்கள் ஓய்வு பெறுவதற்கு முன்பே செய்யவேண்டும்.