பழகி வசப்படுத்தியவரும் பணம் தர வேண்டியவரும்: இங்கிலாந்தில் இழப்பீட்டுச் சட்டம் வந்த வழி

2004 ஆகஸ்டில் பிரிட்டனின் தேசிய லாட்டரியில் 70 லட்சம் பவுண்டு வென்றவர் ஓர் ஆயுள் கைதி. லீட்ஸ் நகரப் பூங்கா ஒன்றில் 1988இல் ஒரு பெண்ணைப் பாலியல் வன்புணர்வு செய்ய முயன்றதற்காக அடுத்த ஆண்டு தண்டனை பெற்ற அயோர்வொர்த் ஹோர், சிறை விடுப்பில் வெளியே வந்திருந்தபோது வாங்கிய சீட்டு அது. பாதிக்கப்பட்ட பெண் அவர்மீது இழப்பீட்டு வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றங்களில் கிடைத்த பதில்: காலம் கடந்துவிட்டது. குற்றம் நடந்து ஆறு ஆண்டுக்குள் வந்திருக்க வேண்டும். அந்த ஆறு ஆண்டில் ஹோரிடம் காலணாகூட இல்லை. வழக்குப் போட்டு வென்றாலும் வசூலிக்க ஏதுமில்லை. பணம் வந்தபோது உரிமை போயிருந்தது.

அந்தப் பெண் சிறுமியல்லர். ஹோர் அவரோடு பழகி ஏமாற்றியவரும் அல்லர். ஆனாலும் சிறு வயதில் ஆசிரியராலோ பாதிரியாராலோ விடுதிக் காப்பாளராலோ சீரழிக்கப்பட்டு, நடு வயதில் நீதிமன்றப் படியேறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு வழி விட்டது இந்த லாட்டரி வழக்குதான். இங்கிலாந்துச் சட்டத்தின் விந்தைகளில் இதுவும் ஒன்று.

அவர்களை முதலில் தடுத்து நிறுத்தியது 1980ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம். அதன்படி கவனக்குறைவால் ஏற்பட்ட காயத்துக்கு மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் நீதிபதி அந்தக் கெடுவைத் தளர்த்தலாம். வேண்டுமென்றே செய்த தாக்குதலுக்கு ஆறு ஆண்டு. அதைத் தளர்த்த யாருக்கும் அதிகாரமில்லை. பாதிக்கப்பட்டவர் சிறுவர் என்றால் 18 வயதிலிருந்து கணக்குத் தொடங்கும். ஆக, 24 வயது முடிந்தால் கதவு மூடிவிடும். பாலியல் கொடுமை இதில் எந்த வகை? வளர்ப்புக் குடும்பத்தில் பிஞ்சு வயதிலேயே கொடுமைக்கு ஆளானதாகச் சொல்லி, 30 வயதில் வழக்குத் தொடுத்த பெண் ஒருவரின் மேல்முறையீட்டில் 1992 டிசம்பரில், அன்று மேல்முறையீட்டின் இறுதிப் படியாக இருந்த பிரபுக்கள் சபை விடை சொன்னது: அது வேண்டுமென்றே செய்த தாக்குதல், ஆகவே ஆறு ஆண்டுதான். தன் மனநோய்க்கும் குழந்தைப் பருவத்துக்கும் உள்ள தொடர்பே சில ஆண்டுகளுக்கு முன்புதான் தெரிய வந்தது என்று அவர் சொன்னது எடுபடவில்லை. அவர் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 1996இல் அங்கும் தோற்றார்.

இந்தத் தீர்ப்பு எவ்வளவு கோணலானது என்பதை 1990களின் நடுவில் வந்த இன்னொரு வழக்கு காட்டிக்கொடுத்தது. தந்தையின் பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு பெண் பெற்றோர் இருவர்மீதும் வழக்குத் தொடுத்தார். கொடுமை செய்த தந்தை காலவரம்பைக் காட்டித் தப்பித்துக்கொண்டார். தடுக்கத் தவறிய தாய்மீதான வழக்கு மட்டும் நின்றது, அவருடையது கவனக்குறைவு என்பதால். செய்தவருக்குக் கேடயம், பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வழக்கு. நீதிபதிகளுக்கே இது நெருடியது. சட்ட ஆணையம் திருத்தம் வேண்டும் என்று 2001இல் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அசையவில்லை.

சட்டம் அசைந்தது ஹோர் வழக்கில். 2008 ஜனவரி 30 அன்று பிரபுக்கள் சபை தன் 1992 தீர்ப்பைத் தானே ரத்து செய்தது. வேண்டுமென்றே செய்த தாக்குதலுக்கும் இனி மூன்று ஆண்டு வரம்பு, அதைத் தளர்த்தும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு. கெடு ஆறிலிருந்து மூன்றாகக் குறைந்ததைப் பாதிக்கப்பட்டோர் வெற்றியாகக் கொண்டாடியது வெளியாருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். பூட்டிய ஆறைவிடத் திறக்கக்கூடிய மூன்று மேல் என்பது அவர்கள் கணக்கு. ஹோர்மீதான வழக்கைத் தொடர அதே ஆண்டு உயர் நீதிமன்றம் அனுமதித்தது.

எதற்காக இவ்வளவு காலம் வாய் திறக்காமல் இருந்தார்கள் என்ற கேள்வி எல்லா வழக்கிலும் எழுவது. அதற்கான பதில் பெரும்பாலும் குற்றம் நடந்த விதத்திலேயே இருக்கிறது. முன்பின் தெரியாதவன் இருட்டில் பாய்வது ஒரு வகை. இங்கே பேசப்படுவது வேறு. பரிசு, தனிச் சலுகை, ஊர்சுற்றல், பெரியவர்களிடம் சொல்லக்கூடாத சின்னச் சின்ன ரகசியங்கள் என்று மாதக்கணக்கில் பழகி, பிள்ளையையும் சில நேரம் பெற்றோரையும் சேர்த்து வசப்படுத்திய பிறகு நடக்கும் கொடுமை. இப்படி வசப்படுத்தப்பட்ட பிள்ளை தன்னையும் உடந்தையாக நினைத்துக்கொள்ளும். அவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டோமே என்ற கூச்சம் வாயைக் கட்டிப்போடும். பிள்ளையை இப்படி வசப்படுத்திச் சந்திப்பதைத் தனிக் குற்றமாக்கியது 2003ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்கள் சட்டம். குற்றவியல் சட்டத்தைவிட உரிமையியல் சட்டத்துக்கு இந்த வசப்படுத்துதல் பெரிய சிக்கலைக் கொடுத்தது. ஒரே நடத்தை ஒரு தீர்ப்பில் நிறுவனத்தை மாட்டிவிட்டது, இன்னொன்றில் காப்பாற்றியது.

குற்றவாளியிடம் பொதுவாகப் பணம் இருக்காது. ஹோர் போல லாட்டரி விழுபவர் கோடியில் ஒருவர். ஆகவே வழக்குகள் பள்ளி, திருச்சபை, நகராட்சி, விளையாட்டுச் சங்கம் என்று அவரை வேலைக்கு வைத்தவர்களைத் தேடிப் போயின. ஊழியர் வேலையின்போது செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பு என்பது பழைய விதி. லாரி ஓட்டுநர் வண்டியை மோதிவிட்டால் முதலாளி கட்டுவார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வைத்தவரே பிள்ளையைக் கெடுத்தால்? பள்ளிச் சுற்றுலாவில் உடல்நலம் குன்றிய மாணவனிடம் துணைத் தலைமையாசிரியர் தகாத முறையில் நடந்துகொண்ட வழக்கில் 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: அது வேலையைத் தவறாகச் செய்தது அல்ல, வேலைக்கே எதிரானது, நிர்வாகம் பொறுப்பாகாது. குற்றம் எவ்வளவு கொடியதோ அவ்வளவு தூரம் முதலாளி தப்பிக்கலாம் என்பதே இதன் உட்பொருள்.

மறு ஆண்டு கடலுக்கு அப்பாலிருந்து வேறு காற்று வீசியது. பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தூங்கவைப்பது வரை ஊழியர்களிடம் ஒப்படைத்திருந்த காப்பகம் ஒன்றைப் பற்றிய வழக்கில், அந்த நெருக்கத்தை ஏற்படுத்திக் கொடுத்ததன் மூலம் ஆபத்தையும் நிறுவனமே உருவாக்கியது என்று 1999 ஜூனில் கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நாளில், சிறுவர் மன்றம் ஒன்றின் ஊழியர் தொடர்பான வழக்கில் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் நிறுவனத்தை விடுவிக்கவும் செய்தது. ஒரே நீதிமன்றம், ஒரே நாள், இரண்டு விடைகள். பின்னால் வந்த கால் நூற்றாண்டுக் குழப்பத்துக்கு அதுவே முன்னோட்டம்.

இங்கிலாந்தில் திருப்பம் ஹெஸ்லி ஹால் வழக்கில் வந்தது. டான்காஸ்டர் அருகே, மனநலச் சிக்கலும் நடத்தைச் சிக்கலும் உள்ள சிறுவர்களுக்கான பள்ளி ஒன்றின் விடுதி. 1979 முதல் 1982 வரை அங்கே 12 முதல் 15 வயதுப் பையன்களைக் காப்பாளர் கெடுத்துவந்தார். அதற்கு முன் அவர் செய்தவற்றைத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது: காரணமில்லாத பரிசுகள், தன்னோடு தனியே வெளியூர்ப் பயணம், தவறு செய்தாலும் தண்டிக்காமல் விடுவது, வயதுக்கு ஒவ்வாத வீடியோ படங்களைப் பார்க்க விடுவது. இவற்றில் ஒவ்வொன்றும் காப்பாளர் என்ற பதவியால் மட்டுமே செய்யக்கூடியது. தண்டிக்கும் அதிகாரம் உள்ளவர்தானே மன்னித்துச் சலுகை காட்ட முடியும்! 2001 மே 3 அன்று பிரபுக்கள் சபை 1998 தீர்ப்பைச் செல்லாததாக்கியது. வேலைக்கும் குற்றத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தால் முதலாளி பொறுப்பு. விடுதியை நடத்திய நிறுவனம் பையன்களைக் கவனிக்கும் பொறுப்பை யாரிடம் ஒப்படைத்ததோ அவரே கெடுத்திருக்கிறார். தொடர்பு அதற்கு மேல் எப்படி நெருங்க முடியும்?

அடுத்த பதினைந்து ஆண்டுகள் பாதிக்கப்பட்டோர் பக்கம் காற்று. 2010இல் காவன்ட்ரி நகர வழக்கொன்று: பையன் கத்தோலிக்கன்கூட அல்ல. ஆலய வளாகத்தில் நடந்த நடனக் கொண்டாட்டத்துக்கு வந்தவனை, காரைக் கழுவு, வீட்டைச் சுத்தம் செய் என்று கூலி கொடுத்துப் பழக்கியவர் அங்கிருந்த பாதிரியார். பூசைக்கும் ஞான உபதேசத்துக்கும் சம்பந்தமே இல்லையே என்று திருச்சபை வாதிட்டது. பாதிரியார் அங்கிதான் அந்த நம்பிக்கையைச் சம்பாதித்துக் கொடுத்தது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் திருச்சபையைப் பொறுப்பாக்கியது. 2012இல், சபையின் சம்பள ஊழியர்கள் அல்லாத துறவிகளுக்காக அவர்கள் சபையும் பொறுப்பு என்றது உச்ச நீதிமன்றம். யார்க்‌ஷயரில் ஒரே சீர்திருத்தப் பள்ளியைப் பற்றி 170 பேர் தொடுத்த வழக்குகள் அவை. 2017இல் வளர்ப்புப் பெற்றோர் செய்த கொடுமைக்கு நாட்டிங்ஹாம்ஷயர் நிர்வாகமும் பொறுப்பேற்க நேர்ந்தது.

நீதிமன்றம் அல்லாத வழியும் ஒன்று இருந்தது. குற்றத்தால் காயமடைந்தோருக்கு அரசே பணம் தரும் திட்டம் பிரிட்டனில் 1964 ஆகஸ்டிலிருந்து உண்டு. முதலில் கருணைத் தொகை; 1995 சட்டத்துக்குப் பிறகு காயத்துக்கு இவ்வளவு என்று பட்டியல். அதன் சிறு எழுத்து விதிகளில்தான் கொடுமை ஒளிந்திருந்தது. குற்றவாளியோடு ஒரே கூரையின்கீழ் குடும்பமாக வாழ்ந்தவருக்குப் பணம் கிடையாது என்பது ஒன்று. 1979 அக்டோபரில் இதை மாற்றினார்கள், ஆனால் அதற்கு முன் நடந்தவற்றுக்கு மாற்றவில்லை. 1968க்கும் 1975க்கும் இடையே மாற்றாந்தந்தையால் சீரழிக்கப்பட்ட பெண்ணுக்குப் பணம் மறுக்கப்பட்டது. அதே ஆளால் பாதிக்கப்பட்டு வேறு வீட்டில் வசித்த பெண்ணுக்குக் கிடைத்தது. இது பாகுபாடு என்று 2018 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பிறகே, 2019 ஜூனில் விதி நீங்கியது. அமலுக்கு வந்து 55 ஆண்டு கழித்து!

இன்னொரு விதி, உண்மையில் சம்மதிக்காதவருக்கே இழப்பீடு என்றது. இங்கிலாந்துக் குற்றவியல் சட்டத்தில் 16 வயதுக்கு உட்பட்டவரின் சம்மதம் செல்லாது. அவரோடு உறவு கொண்டவர் சிறைக்குப் போவார். இழப்பீட்டு அலுவலகமோ, பிள்ளை எதிர்க்கவில்லையே, தானாகப் போனாளே என்று கேட்டது. வசப்படுத்துவதன் நோக்கமே எதிர்ப்பு எழாமல் பார்த்துக்கொள்வதுதான் என்பது அந்த அலுவலகத்துக்கு உறைக்கவில்லை. ராதர்ஹாம் நகரில் 1997 முதல் 2013 வரை குறைந்தது 1,400 பிள்ளைகள் இந்த வகையில் சீரழிக்கப்பட்டிருப்பார்கள் என்று, அங்கே விசாரணை நடத்திய அலெக்சிஸ் ஜே 2014 ஆகஸ்டில் அறிக்கை தந்த பிறகும் இந்த வழக்கம் தொடர்ந்தது. ஐந்து ஆண்டுகளில் கிட்டத்தட்ட 700 சிறாருக்கு இந்தக் காரணத்தால் பணம் மறுக்கப்பட்டது என்று 2017இல் பர்னார்டோஸ், விக்டிம் சப்போர்ட் உள்ளிட்ட தொண்டு நிறுவனங்கள் அம்பலப்படுத்தின. அவ்வாண்டு இறுதிக்குள் வழிகாட்டி நெறி மாற்றி எழுதப்பட்டது. நெறிதான் மாறியது, மறுக்கப்பட்டவர்கள் மறுபடி படியேற வேண்டியிருந்தது.

ஸ்காட்லாந்து இந்தக் காலத்தில் எல்லையைத் தாண்டி முன்னே போய்விட்டது. சிறுவயதுக் கொடுமைக்கான வழக்குகளுக்கு அங்கே 2017 அக்டோபரிலிருந்து காலவரம்பே இல்லை. காப்பகங்களில் பாதிக்கப்பட்டோருக்கு, நீதிமன்றம் போகாமலேயே ஒரு லட்சம் பவுண்டு வரை தரும் திட்டமும் 2021 டிசம்பரில் தொடங்கியது. இங்கிலாந்தில் லண்டனின் லாம்பெத் நிர்வாகம் தன் பழைய காப்பகங்களுக்காக 2018 முதல் 2022 வரை அப்படியொரு திட்டத்தைத் தானாக நடத்தியது. நாடு முழுமைக்கும் இல்லை.

நீதிமன்றங்களிலோ காற்று திரும்பியிருந்தது. கால்பந்துப் பயிற்சியாளர் பேரி பென்னல் வழக்கு இதற்குச் சரியான சாட்சி. வீட்டில் விளையாட்டு இயந்திரங்கள், அபூர்வ வளர்ப்புப் பிராணிகள், விடுமுறைப் பயணங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெரிய சங்கத்தில் ஆடும் கனவு: வசப்படுத்த அவரிடம் இல்லாத பொருளில்லை. மான்செஸ்டர் சிட்டி சங்கத்தின்மீது எட்டு ஆண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1979க்கும் 1985க்கும் இடையே பென்னல் அவர்களைக் கெடுத்தது நிரூபிக்கப்பட்டதாக 2022 ஜனவரியில் நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டு, எட்டு வழக்குகளையும் தள்ளுபடி செய்தார். காலம் மிகவும் கடந்துவிட்டது. அதோடு அந்த ஆண்டுகளில் சங்கத்துக்கும் பென்னலுக்கும் இருந்தது முதலாளி, ஊழியர் போன்ற உறவல்ல.

மறு ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதே திசையில் நடந்தது. வேல்ஸில் யெகோவாவின் சாட்சிகள் சபை மூப்பர் ஒருவர் 1990இல் ஒரு பெண்ணை வன்புணர்வு செய்திருந்தார். உயர் நீதிமன்றம் சபையைப் பொறுப்பாக்கி 62,000 பவுண்டு அளித்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவர் கையாண்டது மூப்பர் பதவியை அல்ல, நெருங்கிய குடும்ப நண்பர் என்ற நிலையை என்பது வாதம். காவன்ட்ரி பாதிரியார் வழக்கில் நட்புக்குப் பின்னால் அங்கியைக் கண்ட நீதிமன்ற மரபு, இங்கே அங்கிக்குப் பின்னால் நட்பைக் கண்டது. சபைக்குள் மூப்பர் என்பதால்தான் அந்த நட்பு இவ்வளவு தாங்கியது என்ற கேள்விக்குத் தீர்ப்பு சொல்லும் பதில் திருப்தியாக இல்லை.

அலெக்சிஸ் ஜே தலைமையிலான தேசிய விசாரணைக் குழு 2022 அக்டோபரில் தந்த இறுதி அறிக்கை, காலவரம்பை நீக்கச் சொன்னது, நாடு தழுவிய இழப்பீட்டுத் திட்டமும் கேட்டது. முதலாவதை ஏற்பதாக 2025 பிப்ரவரியில் அரசு அறிவித்து, குற்றம் மற்றும் காவல் மசோதாவில் சேர்த்தது. அந்த மசோதாப்படி, நியாயமான விசாரணை நடக்க வழியுண்டு என்று பாதிக்கப்பட்டவர் காட்ட வேண்டியதில்லை; வழியில்லை என்று பிரதிவாதிதான் நிரூபிக்க வேண்டும். சுமை தோள் மாறுகிறது. ஆனால் மான்செஸ்டரின் எட்டுப் பேர் தோற்றது இரண்டு காரணங்களால். மசோதா தொடுவது அவற்றில் ஒன்றைத்தான். சம்பளப் பட்டியலில் பெயரில்லாத, ஆனால் சங்கத்தின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளைச் சேர்த்தவருக்கு யார் பொறுப்பு என்பது இன்னும் நீதிபதிகள் கையில்தான் இருக்கிறது.