அறுமுகி வலைகளில் அடர்த்தி மாற்றம்: எண்ணிக்கை விதியும் இடத்தேர்வும்

சுமை தாங்கும் உறுப்புகளில் எழும் தகைவைக் கணினி வழியே கணிக்கும் ஃபைனைட் எலிமென்ட் முறை, உறுப்பைச் சிறு கூறுகளின் வலையாகப் பிரித்துக்கொண்டு தொடங்குகிறது. ஆறு முகங்களும் எட்டுக் கணுக்களும் கொண்ட அறுமுகிக் கூறு, நான்கு கணுக்கள் மட்டுமே உள்ள எளிய நான்முகியைவிடக் குறைந்த எண்ணிக்கையில் நம்பத்தக்க விடை தருவதால் பெரிதும் விரும்பப்படுகிறது. தகைவு செறியுமிடத்தில் வலை நெருக்கமாகவும் பிற இடங்களில் அகலமாகவும் அமைய வேண்டும் என்பதில் ஐயமில்லை; இவ்விரண்டும் சந்திக்கும் மாறுபகுதியே சிக்கலானது. அச்சிக்கல் மென்பொருளின் குறைபாட்டால் எழுவதன்று, எண்ணிக்கை விதியால் எழுவது என்பதும், மாறுபகுதியின் வடிவத்தைவிட அது அமையும் இடமே முடிவின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

அறுமுகியின் ஒரு விளிம்பைப் பிளந்தால் அதற்கு இணையான மற்ற மூன்று விளிம்புகளும் பிளவுபட வேண்டும். அடுத்தடுத்த கூறுகளிலும் இது தொடர்ந்து, உறுப்பின் எல்லையைத் தொடும்வரை ஒரு முழு அடுக்கே இரண்டாகிறது. ஓர் அடுக்கில் 50-க்கு 50 கூறுகள் இருந்தால், ஒரே விளிம்பில் வேண்டியிருந்த நெருக்கத்துக்காக 2,500 கூறுகள் கூடுகின்றன. இப்பரவலைத் தடுப்பதே மாறுபகுதியின் பணி.

தளத்தில் அமைந்த நாற்கர வலையில் உள்விளிம்பு ஒவ்வொன்றும் இரு நாற்கரங்களுக்குப் பொதுவாகவும், எல்லை விளிம்பு ஒன்றுக்கே உரியதாகவும் இருப்பதால், எல்லை விளிம்புகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாகவே வரும். ஒரு சதுரத்தின் மேல்விளிம்பை மட்டும் இரண்டாக்கினால் எல்லையில் ஐந்து விளிம்புகள் ஆகின்றன. நாற்கரங்களால் மட்டும் அதை நிரப்ப இயலாது. மூன்றாக்கினால் ஆறு விளிம்புகள் ஆகி, உள்ளே இரு கணுக்களை வைத்து நான்கு நாற்கரங்களாகப் பிரித்துவிடலாம். ஆயினும் அக்கணுக்களைச் சதுரத்தின் நடுவுயரத்தில் வைத்தால் பக்க நாற்கரங்களில் ஒரு மூலை ஏறத்தாழ 34 பாகையாகக் குறுகி, மற்றொன்று 146 பாகையாக விரிகிறது. மாறுபகுதியில் உருக்கோணல் தவிர்க்க முடியாதது என்பதை இது காட்டுகிறது.

முப்பரிமாணத்திலும் எல்லை முகங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். பந்துபோன்ற மூடிய பரப்பின் உட்பகுதியை அறுமுகிகளால் நிரப்ப, வளைந்த கூறுகளையும் ஏற்றுக்கொண்டால், அதுவே போதும் என்று ஸ்காட் மிட்செல் 1996-இல் நிறுவினார். ஆனால் இருத்தல் வேறு, பயன்பாடு வேறு. அடியில் நான்கும் சாய்முகம் ஒவ்வொன்றிலும் மூன்றுமாகப் பதினாறு நாற்கரங்கள் கொண்ட ‘ஷ்னைடர்ஸ் பிரமிடு’ இவ்விதியை நிறைவு செய்தும், அதற்கு 2010-இல் கிடைத்த தீர்வுக்கு 88 அறுமுகிகள் தேவைப்பட்டன. 2018-இல் அது 36 ஆகக் குறைந்தது.

ஆகவே உருக்கோணலை ஒழிக்க முயல்வதைவிட, அது தீங்கு செய்யாத இடத்தில் வைப்பதே அறிவுடைமை. வட்டத்துளை உள்ள அகன்ற தகடு ஒரு திசையில் இழுக்கப்படும்போது, துளையின் ஓரத்தில் தகைவு மும்மடங்காகும் என்று கிர்ஷ் 1898-இல் காட்டினார். இழுவிசைக்குச் செங்குத்தான கோட்டில், துளைமையத்திலிருந்து ஆரத்தின் இருமடங்குத் தொலைவில் அது 1.22 மடங்காகவும், மும்மடங்குத் தொலைவில் 1.07 மடங்காகவும் தணிகிறது. மாறுபகுதியை மும்மடங்குத் தொலைவுக்கு அப்பால் அமைத்தால், கோணலான கூறுகள் ஏறக்குறைய சீரான தகைவையே சந்திக்கும்.

அண்டைக் கூறின் விளிம்பு நடுவில் தொங்கும் கணுக்களைக் கட்டுப்பாட்டுச் சமன்பாடுகளால் பிணைக்கும் மாற்றுவழியில் உருக்கோணல் இல்லை; எனினும் எல்லைக்கோட்டில் தகைவுத் துல்லியம் குறையக்கூடும் என்பதால் அதற்கும் இதே இடவிதி பொருந்தும். எந்த வழியைத் தேர்ந்தாலும், தகைவு எங்கே தணிகிறது என்பதை முதலில் அகன்ற வலையில் கணித்தறிந்து, அதன் பின்னரே மாறுபகுதியின் எல்லையை வரைவது முறையாகும்.