செபத்துக்குப் பிறகு முதுகையும் பார்க்கவேண்டும்

எங்கள் சபையின் சுகநலக் குழுவில் சேர்ந்தபோது, ஆராதனை முடிந்தபின் இரத்த அழுத்தம் பார்ப்பதும் நோயாளர் வீடுகளுக்குப் போய்ச் செபிப்பதும்தான் வேலை என்று நினைத்திருந்தேன். 2009இல் செல்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்த ஓர் அண்ணை வன்னியில் இருக்கிறார். மூன்று மாதமாக அவர் வீட்டுக்குப் போனோம். பாடினோம், செபித்தோம், தேத்தண்ணி குடித்தோம். அவருடைய படுக்கைப்புண் எலும்பு தெரியுமளவுக்கு ஆழமாகியிருந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

"நீங்கள் கேக்கேல்லை, நான் சொல்லேல்லை தம்பி" என்றார், பிறகு.

திருச்சபையின் மருத்துவப் பணி எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820களில் பண்டத்தரிப்பில் நோயாளரைப் பார்த்தார். 1847இல் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். இனுவில் மக்லியொட் வைத்தியசாலை 1898இல் பெண்களுக்கென்று தொடங்கியது. இவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது கிறீனின் ஒரு முடிவு. அவர் மேற்கத்தைய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' போன்ற நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். தமிழில் படித்தவன் கிராமத்திலேயே சனத்தோடு இருப்பான் என்பது அவர் கணக்கு. இன்று கிளினிக்கில் தரும் துண்டை வாசித்து விளங்கப்படுத்த ஆளில்லாத வீடுகளைப் பார்க்கும்போது, அந்தக் கணக்கு பிழையில்லை என்றே தோன்றுகிறது.

முள்ளந்தண்டு காயப்பட்டவர்களுக்கு உணர்வில்லாததால் புண் வருவது தெரியாது. ஆகவே கண்தான் பார்க்கவேண்டும். காலையும் இரவும் பிட்டம், இடுப்பெலும்பு, குதிக்கால் ஆகிய இடங்களைப் பார்க்கவேண்டும். தனியாக இருப்பவருக்குக் கைக்கண்ணாடி போதும். சிவந்த அல்லது கறுத்த இடம், அழுத்தத்தை எடுத்தபின்னும் மாறாவிட்டால் அதுதான் தொடக்கம். அந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது. அதன்மேல் இருக்கவோ படுக்கவோ கூடாது. படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டவேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் அரை மணிக்கு ஒருமுறையாவது கையூன்றி உடம்பைத் தூக்கவேண்டும், அல்லது முன்னுக்குச் சாயவேண்டும். சூடான தேத்தண்ணிக் கோப்பையை மடியில் வைப்பதும் ஆபத்து, சுட்டாலும் தெரியாது. புண் மணத்தாலோ காய்ச்சல் வந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிதான்.

நெஞ்சின் நடுப்பகுதி மட்டத்திலோ அதற்கு மேலேயோ முள்ளந்தண்டு காயப்பட்டவருக்குத் திடீரெனத் தலையிடித்து, முகம் வேர்த்தால் நிமிர்த்தி இருத்துங்கள். சலக்குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் தாமதிக்கக்கூடாது, உயிராபத்து.

குழு மருந்து கொடுப்பதில்லை. கொடுக்கவும் கூடாது. கிளினிக் திகதியை நினைவூட்டுவது, ஓட்டோக் காசு கொடுப்பது, கூடப்போய் வரிசையில் நிற்பது, இவ்வளவுதான். பெண்களின் உடம்பைப் பெண்களே பார்க்கவேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்தோம். எந்தச் சமயம் என்று கேட்பதில்லை. செபிக்கலாமா என்று கேட்டுத்தான் செபிக்கிறோம்.

அண்ணை மாதக்கணக்கில் வைத்தியசாலையில் கிடந்து, புண் ஆறி வந்தார். வந்தபின், என்ன உதவி வேண்டும் என்று அவர் மனைவியிடம் முதல்தடவையாகக் கேட்டோம். கிழமையில் ஒரு பின்னேரம் அவரைப் பார்த்துக்கொள்ள யாராவது வந்தால் தான் கொஞ்சம் நித்திரை கொள்ளலாம் என்றார் அக்கா. இப்போது வியாழக்கிழமைகளில் இரண்டு பேர் போகிறோம்.