தம் பிழைகளைத் தாமே எழுதிய பேரறிஞர்



இயேசு பிரானின் இளமையைப் பற்றி நற்செய்தி நூல்கள் கூறுவன மிகச் சிலவே. பன்னிரண்டாம் வயதில் அவர் எருசலேம் ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டும், அவர்களிடம் வினாக்கள் எழுப்பியும் இருந்தார் என்பது அவற்றுள் ஒன்று. இதனை எழுதிய லூக்கா, அச்சிறுவர் ஞானத்தில் வளர்ந்து வந்தார் என்றும் குறிக்கின்றார். ஞானம் ஒரே நாளில் கைக்கு வரும் பொருளன்று, அது மெல்ல வளரும் பயிர் என்னும் கருத்து இவ்வாறு கிறித்தவ மரபில் வேரூன்றியது. அப்பயிர் ஒருவருடைய வாழ்வில் எங்ஙனம் வளர்ந்தது, எங்கே வாட்டமுற்றது என்பதை இன்று காண்போம். அவர்தாம் ஹிப்போ நகரத்து ஆயர் அகுஸ்தீனார்.

அவர் கி.பி. 354-ஆம் ஆண்டில், அந்நாளில் உரோமப் பேரரசுக்கு உட்பட்டிருந்த வட ஆப்பிரிக்காவில், தகாஸ்தே என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்றைய அல்ஜீரியா நாட்டில் உள்ளது. தாய் மோனிக்கா ஆழ்ந்த கிறித்தவப் பற்றுடையவர். மகனோ நாவன்மை பயில்வதற்காகக் கார்த்தேஜ் மாநகர் சென்றார். 19-ஆம் வயதில், உரோம அறிஞர் சிசரோவின் நூலொன்று அவருள்ளத்தில் ஞான வேட்கையை மூட்டியது. உடனே விவிலியத்தை எடுத்துப் படித்தார். சிசரோவின் சொல்லழகு அதில் இல்லை என்று கண்டு, இகழ்ந்து ஒதுக்கினார். நடையை அளந்தாரேயன்றி, பொருளை அளந்தாரில்லை.

பின்னர், மானி என்பவர் பாரசீகப் பேரரசில் தோற்றுவித்த சமயத்தை நாடினார். 'எதையும் நம்பும்படி கேளோம். எல்லாவற்றையும் அறிவால் விளக்குவோம்' என்பது அச்சமயத்தார் கொள்கை. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அகுஸ்தீனார் அவர்களோடு இருந்தார். ஆயினும், கிரகணங்களைப் பற்றி வானநூலார் கணித்துக் கூறியவை சரியாக நிகழ, மானியின் நூல்கள் கூறியவை அவற்றோடு பொருந்தவில்லை. ஐயங்களையெல்லாம் பவுஸ்துஸ் என்னும் தலைவர் தீர்த்து வைப்பார் என்று நண்பர்கள் கூறினர். அவர் 383-ஆம் ஆண்டளவில் கார்த்தேஜ் வந்தார். இனிமையாகப் பேசினார். ஆனால், வானநூல் பற்றிய வினாக்களை அகுஸ்தீனார் எழுப்பியபோது, தமக்கு அவை தெரியாவென்று வெட்கமின்றி ஒப்புக்கொண்டார்.

இங்கே ஒரு புதுமையைக் காண்கிறோம். அச்சமயத்தின்மீது அகுஸ்தீனாருக்கு இருந்த நம்பிக்கை அன்று தளர்ந்தது. பவுஸ்துஸின்மீது மதிப்போ உயர்ந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் அடக்கம், தாம் தேடி வந்த விடைகளினும் அழகியது என்று பிற்காலத்தில் அவர் கருதினார்.

384-ஆம் ஆண்டில் மிலான் நகரில் நாவன்மைப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அந்நகர் ஆயர் அம்புரோஸ் சிறந்த சொற்பொழிவாளர். அவருடைய சொல்வன்மையை ஆராயும் நோக்கத்தோடு கேட்கச் சென்றவர் அகுஸ்தீனார். நாளடைவில் சொல்லோடு பொருளும் உள்ளத்தில் புகுந்தது. 386-ஆம் ஆண்டில் பதவியைத் துறந்தார். அடுத்த ஆண்டு ஞானஸ்நானம் பெற்றார். பின்னர் தாயகம் திரும்பி, ஹிப்போ நகரில் குருவாகவும் ஆயராகவும் பணிபுரிந்தார்.

அவர் எழுதிக் குவித்த நூல்கள் பல. உலகப் பொருள்களைப் பற்றிய அறிவு வேறு, நிலையான மெய்ப்பொருளை நாடும் ஞானம் வேறு என்று அவற்றில் வகுத்துக் காட்டினார். எழுபது வயதைக் கடந்தபின், 426, 427-ஆம் ஆண்டுகளில், அறிஞர் எவரும் செய்யத் தயங்கும் ஒரு செயலை மேற்கொண்டார். தாம் இயற்றிய நூல்களை வரிசையாக எடுத்து மீண்டும் படித்து, எங்கெங்கே பிழைபட எழுதினோம் என்பதைத் தாமே ஒரு நூலாக எழுதினார். அவர் கணக்கின்படி அவ்வாறு ஆராய்ந்தவை 93 நூல்கள். இளமையில் எழுதிய ஒரு நூலைப் பற்றிக் கூறுகையில், கலைப் பயிற்சிக்கு அளவுக்கு மிஞ்சிய ஏற்றம் கொடுத்துவிட்டதாகக் குறிப்பிடுகின்றார். அக்கலைகளை அறியாத சான்றோரும் உளர், அறிந்தும் சான்றோர் ஆகாதாரும் உளர் என்பது அவர் கண்ட உண்மை.

ஆயினும் வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கையும் தருகின்றது. அந்நாளில் ஆப்பிரிக்கத் திருச்சபை இரு பிரிவாகப் பிளவுண்டு கிடந்தது. பிரிந்து சென்ற தொனாத்தியரை வற்புறுத்தலாகாது, வாதத்தால் இணங்கச் செய்ய வேண்டும் என்பதே அகுஸ்தீனார் முதலில் கொண்ட கருத்து. பின்னர் அரசின் சட்டங்களால் அவர்களை நெருக்குவது தகும் என்று மாறினார். தம் பிழைகளை எழுதிய அதே நூலில், முந்தைய மென்மையான கருத்தையும் திருத்தத்துக்கு உரியதாகவே குறித்தார். சமயத்தில் வன்முறையை ஆண்ட பிற்காலத்தார் சிலர் இவருடைய சொற்களையே துணையாகக் காட்டினர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமய உரிமை பற்றிய அறிக்கையை 1965-ஆம் ஆண்டில் வெளியிட்டு, சமயத்தில் எவரையும் வற்புறுத்தலாகாது என்று அறிவித்தது.

ஆகவே, கருத்தை மாற்றிக்கொள்வதெல்லாம் வளர்ச்சியாகிவிடாது. பெரியாரும் திருத்தப் புகுந்த இடத்திலேயே தவறக்கூடும். மாற்றம் நம்மைப் பிறரிடத்து அன்புடையவராக்குகின்றதா, அன்றிக் கடுமையுடையவராக்குகின்றதா என்று பார்ப்பது நல்லதோர் உரைகல். அன்பே எல்லாக் கட்டளைகளின் முடிவும் என்று போதித்தவரும் அகுஸ்தீனாரே. அவ்வுரைகல்லில் அவரையும் உரைத்துப் பார்ப்பது அவருக்கு இழுக்காகாது.

430-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள், வாண்டலர் படை ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில், அகுஸ்தீனார் காலமானார். நூல்களைத் திருத்தும் வேலை அப்போதும் முற்றுப்பெறவில்லை. கடிதங்களும் சொற்பொழிவுகளும் எஞ்சி நின்றன. மாணவர்களே, சென்ற ஆண்டு நீங்கள் எழுதிய குறிப்பேடு ஒன்றை இன்று எடுத்துப் பாருங்கள். அதில் திருத்த வேண்டியது ஏதும் புலப்படுமாயின் நாணவேண்டா. இவ்வோராண்டில் நீங்கள் வளர்ந்திருக்கிறீர்கள் என்பதற்கு அதுவும் ஓர் அறிகுறியாகும்.